தோட்டாவுக்குப் பின்பே துப்பாக்கி

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருச்சியில் நடைபெற்ற மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டு பதக்கங்கள் பெற்ற செய்தி பரவிய பிறகு, அதுவரை இந்தக் கலையைப் பட்டாளத்தாருக்கும் போலீஸாருக்கும் மட்டுமே உரியதென்று எண்ணியிருந்த குடும்பங்களிலிருந்தும் பெற்றோர்கள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என்னைத் தேடி வரலானார்கள். திருவாரூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் வந்த அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே முதலில் கேட்டது, "எந்த ரைபிள் வாங்கலாம், ஐயா?" என்பதுதான். அக்கேள்விக்கு நான் உடனே விடை சொல்வதில்லை. பையனையோ பெண்ணையோ எழுந்து நிற்கச் சொல்லி, கால்களை எப்படி ஊன்றுகிறார்கள், தோள் எவ்விதம் அமைந்திருக்கிறது, எந்தக் கண் முந்துகிறது என்பவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, ரைபிளைப் பற்றிய பேச்சை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலருக்கு இதில் மனவருத்தம் உண்டாவதை நான் அறிவேன். ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் துறையில் உழன்றவன் என்ற முறையில், தூரத்து இலக்கைச் சுடுவதற்கு வேண்டியவற்றுள் ரைபிள் கடைசியாகத் தெரிந்தெடுக்கப்பட வேண்டிய பொருள் என்பதே என் திடமான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் எனக்கு எவ்வாறு ஏற்பட்டதென்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சீன யுத்தத்துக்குப் பின், 1963-இல், கல்லூரி மாணவர் அனைவருக்கும் என்.சி.சி. பயிற்சி கட்டாயமாக்கப்பட்ட காலத்தில் நான் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தேன். காவிரிக்கரையில் காக்கி உடுப்பணிந்து அணிவகுத்த எங்களுக்குச் சுடக் கற்பித்தவர், இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாவில் பணிபுரிந்து திரும்பிய ஒரு ஹவில்தார். ரைபிளின் பாகங்களை மனப்பாடம் செய்விப்பதில் அவருக்கு அக்கறை இல்லை. .22 ரைபிளால் ஐந்து தோட்டாக்களைச் சுடச் செய்து, இலக்குத் தாளை எடுத்துவரச் சொல்லி, குண்டுகள் நடுவில் பட்டனவா என்று பாராமல், ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை மாத்திரமே பார்ப்பார். ஐந்தும் ஓரத்தில் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அவர் முகம் மலரும். நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் நான்குமாகச் சிதறியிருந்தால் தாளை மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். "குரூப்பிங்" என்று நாங்கள் வழங்கிய அந்த ஒரு பாடத்தினுள்ளேயே இத்துறையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. குவிந்து விழும் குண்டுகளைப் பின்குறியின் திருகைச் சற்றே திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறுகிற குண்டுகளுக்கு எந்தத் திருகாலும் பரிகாரம் இல்லை.

முகாம்களில் .303 ரைபிளும் சுட்டோம். சேமியா இழைகளைப் போன்ற கார்டைட் மருந்து அடைத்த அந்தத் தோட்டா 174 கிரெய்ன் எடையுள்ள குண்டை வினாடிக்கு ஏறக்குறைய 740 மீட்டர் வேகத்தில் செலுத்தும். அதன் உதையைத் தாங்கிய அன்றிரவு பையன்கள் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கமாட்டார்கள். ஆனால் என் மனத்தில் ஆழப் பதிந்தது சுட்டதன் பிறகு நடந்த காரியம். கொதிக்கும் வெந்நீரைப் புனல் வைத்துக் குழலினுள் ஊற்றி, அது சூடு ஆறுவதற்குள் 'புல்-த்ரூ' கயிற்றில் துணியைக் கோத்து இழுத்து, ஈரம் அறவே போன பிறகுதான் எண்ணெய் போட வேண்டும் என்பது ஹவில்தாரின் கண்டிப்பான உத்தரவு. அக்காலத்துத் தோட்டாவின் பின்புற வெடிப்பூச்சில் இருந்த குளோரேட் எரிந்து குழலினுள் ஒருவித உப்பைப் படியவிடும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். வெறும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கப்பட்ட ரைபிளின் குழல், எங்கள் ஊர் ஐப்பசி மாதத்து ஈரத்தில், ஒரே வாரத்தில் உள்ளே புள்ளி புள்ளியாக அரித்துப் போவதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். வெளியே கண்ணாடிபோல் மினுங்கும் ரைபிளைக் கண்டு மயங்காமல், போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறம் பார்க்கும் வழக்கம் எனக்கு அப்போது உண்டானதுதான்.

கல்லூரியிலேயே விரிவுரையாளனாகவும் பின்னர் என்.சி.சி. அதிகாரியாகவும் அமர்ந்தபோது, தஞ்சை ஜில்லாவில் துப்பாக்கி என்றால் அது மிராசுதார் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அறுவடை முடிந்த வயல்களிலும் ஏரி ஓரங்களிலும் உள்ளான் குருவி சுடுவதற்கென்று இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பல வீடுகளில் இருந்தன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவை பெட்டிகளுக்குள் போயின. அப்படிப் போனது நியாயமே என்பது என் கருத்து. அச்சமயத்தில்தான், வேட்டை நின்றுபோன ஏக்கத்தில் இலக்குச் சுடுதலின்பால் திரும்பிய சிலருடைய பழக்கம் எனக்குக் கிட்டிற்று. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைபிள் ஒன்றை வைத்திருந்தார். "தம்பி, இதை வச்சுக்கிட்டு முந்நூறு கஜத்துல நடுப்புள்ளியை அடிக்க முடியாதா? செலவைப் பத்தி யோசிக்காதே, என்ன மாத்தணுமோ சொல்லு" என்று கேட்டார்.

.303, 7.62 முதலிய ராணுவ ரகங்கள் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டவையாதலால், அவற்றுக்குப் பதிலாகப் பொதுமக்களுக்கென்று நம் அரசுத் தொழிற்சாலைகள் செய்து வந்த ரகம் .315. பழைய 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவின் வழிவந்த அது, பயிரைக் காக்கவும் காட்டில் கிட்டத்து மிருகத்தை வீழ்த்தவும் போதுமானது. தூரத்து இலக்குக்கு வேண்டிய நுண்மை அதன் குழலிலும் இல்லை, அதற்குக் கிடைத்த தோட்டாக்களிலும் இல்லை. பெரியவரிடம் நான் சொன்னதெல்லாம், "ஐயா, ரைபிளில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, ஒரே பெட்டியிலுள்ள தோட்டாக்களில் பத்தை எடுத்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள்" என்பதே. நகைக்கடைத் தராசில் அவர் நிறுத்துப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒத்துவராத எடைகளைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த வியப்பு இன்னும் என் கண்முன் நிற்கிறது. அதற்குப் பிறகு அவர் .22-க்கு மாறி, அறுபது வயதுக்கு மேல் நன்றாகச் சுடக் கற்றுக்கொண்டார்.

தோட்டா விஷயத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் பணத்தையும் காலத்தையும் நம்மவர் அதிகமாக விரயம் செய்வது இதை அறியாமையினால்தான். .22 ரகத் தோட்டாவைத் தயாரிக்கும் இயந்திரம், ஈயத்தின் தன்மை, மருந்தின் கலவை முதலியன ஒவ்வொரு முறையும் நூலிழை அளவு மாறுபடுவதால், ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை என்றிருந்தாலும் ஒரு 'லாட்'டில் வந்த தோட்டா இன்னொரு 'லாட்'டில் வந்ததைப் போல் நடந்துகொள்ளாது. இங்கிலாந்தின் ஈலி கம்பெனியாரின் டெனெக்ஸ், ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., பின்லாந்திலிருந்து புகழ்பெற்ற லாபுவா என்று எவ்வளவு உயர்ந்ததாயினும் இதற்கு விலக்கு இல்லை. ஒரு குழலுக்குப் பிடித்த லாட் பக்கத்திலிருக்கும் அதே மாதிரிக் குழலுக்குப் பிடிக்காமல் போவதும் உண்டு. ஆகையால் ரைபிளை இரும்புப் பிடியில் அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, எது சிறிய வட்டத்தில் குவிகிறதோ அந்த லாட்டிலேயே அவ்வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வதுதான் உலகமெங்கும் தேர்ந்தவர்கள் கையாளும் முறை. ஐம்பது மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். தோட்டா தன்னளவிலேயே அதைவிடப் பெரிய வட்டத்தில் சிதறுமானால், உல்ம் நகரத்து ஆன்ஷூட்ஸ் ரைபிளைத் தோளில் வைத்திருந்து என்ன பயன்?

இன்னொரு விசேஷம். கடையில் அதிவேகத் தோட்டா என்று எழுதியிருப்பதைக் கண்டு இளைஞர்கள் ஆசைப்படுவார்கள். இலக்குக்கென்று செய்யப்படும் .22 தோட்டா வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, வினாடிக்கு 325 மீட்டர் சுமாரில் செல்லுமாறு அமைக்கப்படுவது. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு, வழியில் வேகம் தளர்ந்து அந்த எல்லையை மறுபடி கடக்கும்போது காற்றின் அதிர்ச்சியில் சிக்கித் தள்ளாடும். மெதுவாகப் போவதே அங்கே நேராகப் போவது.

சித்திரை வெயிலில் இந்தத் தோட்டாக்களின் ஈயக் குண்டின்மேல் பூசியிருக்கும் மெழுகு இளகிவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்து விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுக்கில் நம் ஆற்றுமணலின் ஒரு துகள் ஒட்டிக்கொண்டு குழலுக்குள் போய்விட்டால் அது செய்யும் கெடுதி கொஞ்சமன்று. எங்கள் பிள்ளைகள் தோட்டாப் பெட்டியை ஈரத்துணி சுற்றிய மண்சட்டியின் நிழலில், தரையில் படாமல் வைத்து, சுடும் நேரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுப்பார்கள். வெயிலில் காய்ந்த தோட்டாவும் நிழலிலிருந்த தோட்டாவும் ஒரே உயரத்தில் படா என்பதை அவர்களே சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்தது காற்று. மலையோ தோப்போ மறைக்காத சமவெளியாதலால் காவிரிப் பாசனப் பிரதேசத்தில் காற்று தடையின்றி வரும். ஆடி மாதத்தில் அது மேற்கிலிருந்து நாள்முழுதும் வீசும். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஐம்பது மீட்டரில் .22 குண்டை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். பத்தில் பட வேண்டியது எட்டிலோ ஏழிலோ படும். முந்நூறு மீட்டரில் ராணுவ ரகக் குண்டைக்கூட அதே காற்று முக்கால் சாணுக்கு நகர்த்தும். அதுவும் நேர் பக்கவாட்டில் மட்டும் நகர்த்துவதில்லை. வலப்புறமாகச் சுழலும் குண்டு, வலமிருந்து காற்று வந்தால் இடப்புறம் போவதோடு சற்று மேலேயும், இடமிருந்து வந்தால் வலப்புறம் போவதோடு சற்றுக் கீழேயும் படும். இதை அறியாத பிள்ளைகள், தம் மூச்சில் கோளாறு என்று வருந்திக்கொண்டிருப்பார்கள்.

மேல்நாட்டார் காற்றை அறியக் கொடி நட்டுப் பார்க்கிறார்கள், நாங்களும் நடுகிறோம். ஆனால் கொடியைவிட நுட்பமாகச் சேதி சொல்வது தரையிலிருந்து எழும் கானல். பார்க்கும் தொலைநோக்கியை இலக்கில் கூர்மையாகப் பொருத்தாமல், அதற்குச் சற்று முன்னால் நிற்குமாறு திருப்பினால், கானல் ஓடுவது நீரோட்டம்போல் தெளிவாகத் தெரியும். அது வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்து, தளர்ந்து, ஒரு கணம் நேர் மேலே கொதித்து எழும். அப்படி எழுந்தால் காற்று திசை மாறப்போகிறது என்று பொருள். அந்தக் கணத்தில் விசையை அழுத்தாமல் விரலை எடுத்துவிட வேண்டும். இப்படிக் காத்திருக்கப் பழகியவனே காற்றை வென்றவன். கிட்டத்தில் நெல் வயல் இருந்தால் இன்னும் அனுகூலம்: பூட்டை வெளிவந்த சம்பாப் பயிரின் தலை சாய்வதைக் கொண்டு, வருகிற காற்றை அது நம்மை எட்டுவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம். இந்த வித்தையை எனக்குக் கற்பித்தவர் எந்த நாட்டு நிபுணருமல்லர்; நெல் தூற்றும்போது காற்றுக்காக முறத்தைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்ற எங்கள் ஊர்ப் பெண்மணிகளே.

உபகரணங்களைக் காப்பதில் இந்தப் பிரதேசத்துக்கு உரிய சிரமங்கள் தனி. வால்நட் மரத்தில் செய்த ரைபிள் கட்டை, கோடையில் வறண்டு மழைக்காலத்தில் உப்பும். கட்டையையும் குழலையும் பிணைக்கும் திருகாணிகளின் இறுக்கம் அதனால் மாறும். பங்குனியில் நேராகச் சுட்ட ரைபிள் கார்த்திகையில் வேறிடத்தில் சுடும். திருகாணியை எவ்வளவு இறுக்குவது என்று அளவிடும் கருவியைப் புதிய தொலைநோக்கி வாங்குவதற்கு முன்பே வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அலுமினியக் கட்டைகள் வந்த பிறகு இத்தொல்லை வெகுவாகக் குறைந்தது. நான் கண்ட மாறுதல்களில் இதை உயர்ந்ததாக மதிக்கிறேன். தொலைநோக்கிகளின் கண்ணாடியில் பூஞ்சைக் காளான் சிலந்தி வலைபோல் படர்வது நாகப்பட்டினம் பக்கத்தில் சர்வசாதாரணம். மழைக்காலம் முழுவதும் ஒரு சிறு பல்பு இரவு பகலாக எரியும் மர அலமாரியில் அவற்றை வைப்பதே நாங்கள் கண்ட மருந்து. தேர்தல் வரும்போதெல்லாம் உரிமம் பெற்றவர்கள் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரும்; அவ்வாறு ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளும் புறமும் கெட்டியான கிரீஸ் பூசி, உறையில் அன்றி எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உடையைப் பற்றிய ஓர் உண்மையை, வரும் பெற்றோர்களுக்கு நான் எப்போதும் அழுத்திச் சொல்வதுண்டு. தடித்த கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த சுடும் ஜாக்கெட் அலங்காரமன்று. ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள ஏர் ரைபிளைத் தாங்கி நிற்கும் முதுகெலும்பைக் காப்பது அதுவே. வளரும் பெண்பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைக்காத ஜாக்கெட்டைக் கொடுத்து, விலையுயர்ந்த ரைபிளையும் கொடுத்தால், இரண்டு வருஷத்தில் இடுப்பு வலியோடு விளையாட்டை விட்டுவிடுவார்கள். அப்படி விட்டுப்போன ஒரு நல்ல பெண்ணை நான் அறிவேன். அவள் தகப்பனார் நிலத்தை அடகு வைத்து வெளிநாட்டு ரைபிள் வாங்கித் தந்திருந்தார். எங்கள் சுடும் சங்கத்தின் பொது ரைபிளிலேயே அவள் இன்னும் ஓராண்டு சுட்டிருந்து, அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு ஜாக்கெட்டுக்கும் காலணிக்கும் போயிருந்தால் இன்றும் சுட்டுக்கொண்டிருப்பாள்.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் 1984-இல் ஒலிம்பிக்கில் நுழைந்ததும், 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா அதே பிரிவில் தங்கம் வென்றதும், 2012-இல் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் பெற்றதும் நம் நாட்டில் இந்தக் கலையின் போக்கையே மாற்றிவிட்டன. முன்பு வெளி மைதானமும் உரிமமும் இல்லாமல் தொடங்க முடியாதிருந்தது. இப்போது முப்பத்துமூன்று அடிக்குச் சற்றே கூடுதல் நீளமுள்ள ஒரு கூடம் போதும். எங்கள் பக்கத்தில் வேலையற்றுக் கிடந்த நெல் கிடங்கு ஒன்றில்தான் பிள்ளைகள் பயின்றார்கள். பத்துக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர். கிடங்கின் சுவரில் ஒட்டிய தாளில் அது கண்ணுக்கே சரியாகப் படாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இப்பிரிவில் உலகத் தரவரிசையின் முதலிடத்துக்கு உயர்ந்தபோது, அந்தக் கிடங்கில் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்பிள்ளைகளை மிஞ்சிற்று. மகாராஷ்டிரத்து ஸ்வப்னில் குசாலே 2024-இல் பாரிஸில் ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் பெற்ற பின், அவர்களில் பலர் அடுத்த தூரமான ஐம்பது மீட்டருக்குப் போகலாமா என்று ஆசையோடு கேட்கிறார்கள்.

அங்கேதான் எனக்குத் தயக்கம். .22 போன்ற சிறு தோட்டாவின் குண்டும் தடுப்பில்லாவிடில் ஒன்றரை மைல் வரை செல்லக்கூடியது. தஞ்சைச் சீமையில் ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் இடையே அவ்வளவு தூரம் இருப்பதில்லை. இடைப்பட்ட வயல்களிலும் நடவாட்களும் களையெடுப்பவர்களும் நாள்முழுதும் இருக்கிறார்கள். குண்டைத் தாங்க இயற்கையான குன்று ஒன்றும் இங்கே கிடையாது; ஆகவேதான் பெரிய ரைபிள்களுக்குப் புதுக்கோட்டைப் பாறைமலைகளின் அடிவாரத்துக்குப் போவது வழக்கம். அங்கும், 2021 டிசம்பர் இறுதியில், நார்த்தாமலையை அடுத்த பயிற்சித் தளத்திலிருந்து தப்பி வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்து, அவன் சில தினங்களில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இறந்தான். மலை இருந்தும் அது நேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, ரைபிளைத் தெரிந்தெடுப்பதற்கும் தோட்டாவைத் தெரிந்தெடுப்பதற்கும் முன்னால் சுடும் இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதை எங்கள் பாடத்தின் முதல் வரியாக வைத்துவிட்டேன்.

ஆகவே ஜில்லா அதிகாரிகளையும், கல்லூரி நிர்வாகங்களையும், வசதியுள்ள பெரியோர்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், மூன்று பக்கமும் கனத்த மதிலும், குண்டு மேலே எழாதபடி குறுக்கே தடுப்புக்களும், இலக்குக்குப் பின்னால் மண் அணையும் இரும்புப் பொறியும் அமைந்த ஐம்பது மீட்டர் கூடம் ஒன்றைக் கட்டித் தர வேண்டும். அதில் சங்கத்தின் பெயரில் பொது ரைபிள்கள் நாலைந்தும், ஒரே லாட்டில் ஒரு வருஷத்துக்குப் போதுமான தோட்டாக்களும் இருந்தால், எந்தத் தகப்பனும் நிலத்தை அடகு வைக்க நேராது.